கேள்வி பதில்: இறைச்சி, பால், விளைநிலம்

கேள்வி: ஒரு கிலோ இறைச்சிக்குப் பத்து கிலோ தானியம் செலவாகிறது என்றும், எல்லோரும் மரக்கறிக்கு மாறினால் உலகில் பசியே இருக்காது என்றும் சொல்கிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பத்து கிலோ என்ற எண் எல்லா விலங்குக்கும் பொருந்தாது. கறிக்கோழி ஒரு கிலோ எடை கூடுவதற்கு இரண்டு கிலோவுக்கும் குறைவான தீவனமே தின்கிறது. பன்றிக்கு ஏறத்தாழ மூன்று கிலோ வேண்டும். அமெரிக்காவில் பட்டிகளில் அடைத்து மக்காச்சோளம் கொடுத்துக் கொழுக்க வைக்கும் மாட்டுக்கு ஆறு, ஏழு கிலோவும் ஆகும். தோலும் எலும்பும் குடலும் கழித்துக் கறியை மட்டும் நிறுத்தால் இந்த எண்கள் இன்னும் ஏறும். விலங்கின் வயிற்றுக்குள் அனுப்பித் தானியத்தைத் திரும்பப் பெறுவது இழப்புதான் என்பதில் ஐயமில்லை. இழப்பின் அளவுதான் விலங்குக்கு விலங்கு வேறுபடுகிறது.

119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைத் தொகுத்து ஜோசப் பூர், தாமஸ் நெமெச்செக் ஆகிய இருவர் 2018ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, உலகின் வேளாண் நிலத்தில் 83 விழுக்காடு இறைச்சிக்கும் பாலுக்கும் முட்டைக்கும் வளர்ப்பு மீனுக்கும் போகிறது என்றும், அவ்வளவு நிலத்திலிருந்து மனிதருக்குக் கிடைப்பது மொத்தப் புரதத்தில் 37 விழுக்காடும் கலோரியில் 18 விழுக்காடும் மட்டுமே என்றும் காட்டியது. நனிசைவர்கள், அதாவது பாலையும் முட்டையையும்கூட விலக்கும் வீகன்கள், இந்தக் கணக்கை எடுத்துக்காட்டுவது நியாயமானதே. ஆனால் அந்த நிலத்தின் பெரும்பகுதி நெல்லோ கோதுமையோ விளையும் வயல் அன்று, புல்வெளி. கால்நடைகள் உலகெங்கும் தின்னும் தீவனத்தில் 86 விழுக்காடு புல், வைக்கோல், தட்டை, தவிடு போன்று மனிதர் உண்ண முடியாத பொருள்களே என்று ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவன ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டு கணக்கிட்டார்கள். எஞ்சியது சிறு பங்கு போலத் தோன்றினாலும், உலகில் விளையும் தானியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதில் அடங்கிவிடுகிறது. வழக்கு அந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்தத் தானியம் மிச்சமானால் பசி தீருமா என்றால், தானாகத் தீராது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகள் நிரம்பி வழிந்த ஆண்டுகளிலும் இந்த நாட்டில் குழந்தைகள் சத்துக் குறைவோடு வளர்ந்திருக்கிறார்கள். மிச்சமாகும் நிலத்தில் காடு மீளலாம், கரியமில வாயு குறையலாம். அவை பெரிய நன்மைகள். ஆனால் வாங்க வழியில்லாதவருக்கு உணவு போய்ச் சேர்வது கூலியையும் பொது விநியோகத்தையும் பொறுத்தது.

கேள்வி: அப்படியென்றால் தரிசில் மேயும் ஆட்டையும் பண்ணைக் கோழியையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியா? (வாசகர், சிவகங்கை)

பதில்: சரியன்று. உங்கள் பகுதியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கீதாரிகள் என்ற ஆட்டு மேய்ப்பர்கள் அறுவடைக்குப் பின் செம்மறிகளைத் தஞ்சைப் பக்கம் ஓட்டிச் சென்று வயல்களில் கிடை போடுகிறார்கள். அந்த ஆடுகள் மனிதர் வாயிலிருந்து ஒரு பிடி தானியத்தையும் பறிப்பதில்லை. தாளையும் களையையும் மேய்ந்துவிட்டுப் புழுக்கையும் மூத்திரமுமாக மண்ணுக்கு உரத்தையும் விட்டுச் செல்கின்றன. அதே அளவு தழைச்சத்தை ஆலையில் செய்ய இயற்கை எரிவாயு எரிய வேண்டும். ஆனாலும் மேய்ச்சல் ஆடு மாடுகளும் மீத்தேனை வெளியிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. (நீர் தேங்கிய நெல்வயலும் மீத்தேன் விடுகிறது, மரக்கறி உண்பவரும் இதை மறக்கலாகாது.) மேய்ச்சலை மட்டும் நம்பினால் இன்று விற்கும் அளவு கறி கிடைக்காது. கறி என்றோ ஒருநாள் சமைக்கும் உணவாகத் திரும்பிப் போகும். அது அப்படியே ஆக வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.

கேள்வி: பாலுக்காக எந்த உயிரையும் கொல்வதில்லையே? வீகன்கள் பாலையும் ஏன் ஒதுக்குகிறார்கள்? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: கன்று ஈன்றால்தான் பசு கறக்கும், ஈனும் கன்றுகளில் ஏறத்தாழ பாதி ஆண். ஏருக்கும் வண்டிக்கும் காளை வேண்டியிருந்த காலத்தில் காளைக்கன்றுக்கும் வீட்டில் இடம் இருந்தது. டிராக்டர் வந்து, சினை ஊசியும் பரவிய பிறகு அந்த இடம் போய்விட்டது. எருமைக் கடாக் கன்றின் நிலை இதைவிடக் கடினமானது. ஆண்டுக்கு 23 கோடி டன்னுக்கு மேல் பால் கறந்து உலகில் முதலிடத்தில் நிற்கும் இந்தியா, எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்னணியில் நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்: பால் வற்றிய எருமைகளும் வேண்டாத கடாக்களும் ஆண்டுதோறும் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பால் உண்பதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. வைக்கோலையும் தவிட்டையும் பாலாக்கித் தரும் மாடு, நிலமில்லாத எத்தனையோ குடும்பங்களின் வருமானம். ஆனால் பாலும் தயிரும் உண்டுகொண்டு, கறி உண்பவரைப் பார்த்துக் ‘கொலையில் எனக்குப் பங்கில்லை’ என்று சொல்வதற்கு நம்மில் எவருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: நிலமும் நீரும் மிச்சமாக வேண்டும் என்றால் ஆட்டையும் மாட்டையும் விட்டுவிட்டுக் கோழிக்கு மாறுங்கள் என்று அறிவுரை சொல்கிறார்கள். நான் மாறிவிட்டேன். நான் செய்தது சரிதானா? (வாசகர், ஈரோடு)

பதில்: சிக்கனக் கணக்கில் சரிதான். மேலே சொன்ன ‘சயின்ஸ்’ இதழ் ஆய்வின்படி, இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் பெற ஏறத்தாழ 50 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வாயுக்கள் வெளியாகின்றன; கோழிக்கு ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. (பருப்பு வகைகளுக்கு ஒரு கிலோகூட இல்லை.) ஆனால் உயிர்களை எண்ணத் தொடங்கினால் கணக்கு தலைகீழாகிறது. ஒரு மாட்டிலிருந்து 200 கிலோ கறி கிடைக்கும் என்றால், அதே கறிக்கு நூறு கோழிகளுக்கு மேல் அறுபட வேண்டும். உலகில் ஆண்டுக்கு அறுக்கப்படும் மாடுகள் 30 கோடி அளவு. கோழிகளோ 7,000 கோடிக்கும் அதிகம்.

அந்தக் கோழிகள் வாழும் வாழ்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தீவனம் குறைவாகச் செலவாவதன் இரகசியமே, வேகமாக வளரும்படி தேர்ந்தெடுத்த இனத்தை நடமாட்டம் இல்லாமல் வளர்த்து, ஆறு வாரத்திற்குள் அறுத்துவிடுவதுதான். மார்புக் கறி கனத்துக் கால்கள் தாங்காமல் போகும் கோழிகளும் அவற்றுள் உண்டு. முட்டைக் கோழி பெரும்பாலும் தன் வாழ்நாளைக் கம்பிக் கூண்டில், சிறகு விரிக்க இடமின்றிக் கழிக்கிறது. அந்த இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சு முட்டையிடாது, கறிக்கும் எடை கூடாது என்பதால் பெரும்பாலும் பிறந்த நாளிலேயே கொல்லப்படுகிறது. நெரிசலில் நோய் பரவாதிருக்கக் கொடுக்கும் மருந்துகளால் மனிதருக்கும் ஆபத்து என்று கண்டுதான், இந்திய அரசு 2019ஆம் ஆண்டு கொலிஸ்டினை, அதாவது மற்ற மருந்துகள் பலிக்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லியை, கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கத் தடை விதித்தது.

ஆகவே நிலத்தையும் வாயுவையும் பற்றிய கேள்வி வேறு, உயிரைப் பற்றிய கேள்வி வேறு. முதற் கேள்விக்குக் கோழி ஓரளவு விடை தரும். இரண்டாவது கேள்வியை அது நூறு மடங்கு கடுமையாக்கிவிடும். இரண்டையும் கலந்து, சிக்கனத்தைக் காட்டி அறத்தையும் தீர்த்துவிட்டதாக நினைப்பதுதான் இன்று இரு தரப்பாரும் செய்யும் பெரும்பிழை. நீங்கள் விட்ட ஆட்டுக்கறியின் இடத்தில் வாரத்தில் சில நாள் கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் வந்திருந்தால், இரு கணக்கிலும் குறைத்தவர் ஆவீர்கள்.

கேள்வி: ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் இறைச்சி இந்தச் சிக்கலைத் தீர்க்குமா? (வாசகர், சென்னை)

பதில்: 2013ஆம் ஆண்டு லண்டனில் சமைத்துக் காட்டிய முதல் துண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம் யூரோ செலவானது. 2020இல் சிங்கப்பூர் விற்பனைக்கு இசைவு தந்தது. இத்தாலி 2023இல் தடை செய்தது. கொலை குறையும் என்பது உறுதி. ஆனால் விலங்கிலிருந்து எடுத்த உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க மின்சாரம் மிகுதியாக வேண்டும். அது நிலக்கரியிலிருந்து வந்தால் வாயுக் கணக்கில் பெரிய ஆதாயம் இராது.

கேள்வி: நானும் கணவரும் வீகனாகிவிட்டோம். எங்கள் ஆறு வயது மகனும் அப்படியே வளரலாமா? பள்ளியில் முட்டை போடுவதையும் நிறுத்தச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: முதல் கேள்விக்கு விடை, கவனமாகச் செய்தால் முடியும் என்பது. சோற்றில் குறையும் லைசின் என்ற புரதக் கூறைப் பருப்பும், பருப்பில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னொரு கூறைச் சோறும் ஈடுகட்டும். எள், கேழ்வரகு, கீரை, சோயா ஆகியவற்றையும் சேருங்கள். ஆனால் பி12 உயிர்ச்சத்துக்குத் தாவர உணவில் நம்பத்தக்க வழி இல்லை. நுண்ணுயிர்கள்தான் அதை உண்டாக்குகின்றன. நமக்கு அது விலங்குணவின் வழியாகவோ மாத்திரையாகவோ வர வேண்டும். குறைந்தால் இரத்தசோகை வரும், நரம்பும் கெடும். நரம்பின் கேடு சில வேளைகளில் மீளாமலே போகலாம்.

இரண்டாவது எண்ணத்தைக் கைவிடுமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் நல்ல புரதமும் பி12உம் உண்டு. அதற்கு ஈடாக வைக்கும் வாழைப்பழத்தில் புரதம் ஒரு கிராம் அளவுதான். கர்நாடகத்தில் 2021ஆம் ஆண்டு சில மாவட்டப் பள்ளிகளில் முட்டை தொடங்கியபோது சில மடங்கள் எதிர்த்தன. மாணவர்கள் பலர் தங்களுக்கு முட்டை வேண்டும் என்றே பேசினார்கள். உங்கள் மகனுக்கு மாத்திரை வாங்கவும் மருத்துவரிடம் கேட்கவும் உங்களால் முடியும். அதே வரிசையில் தட்டேந்தி நிற்கும் மற்றக் குழந்தைக்கு அந்த வாரம் கிடைக்கும் நல்ல புரதம் அந்த முட்டையாகவே இருக்கலாம். உங்கள் மகனுக்கு முட்டை வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்து, அவன் எடைக்கும் வயதுக்கும் ஏற்ற பி12 அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள்.