டெல்லி ஃப்ளாட்ல மினியேச்சர் பின்ஷர் வளர்க்கலாமா? அது டாபர்மேனோட குட்டி சைஸ்தானா?

தாராளமா வளர்க்கலாம். ஆனா சின்ன நாய், முடியும் கம்மி, வேலையே இருக்காதுன்னு நினைச்சு மட்டும் வாங்காதீங்க. நாங்க மயூர் விஹார்ல மூணாவது மாடி, எங்க வீட்டு நாய் மிளகு இந்த ஜாதிதான், அதான் எழுதறேன்.

டாபர்மேன் கதை தலைகீழ். அந்தக் கறுப்பு-பழுப்பு கலரைப் பாத்துட்டு பார்க்ல யாராவது ஒரு அங்கிள் "டாபர்மேன் கா பச்சா?" (டாபர்மேன் குட்டியா?)ன்னு கேக்காம போறதில்ல. ஜெர்மனில அபோல்டாங்கற ஊர்ல லூயி டாபர்மேன்னு ஒரு வரி வசூல்காரர் அந்தப் பெரிய நாயை உருவாக்கினது 1890 வாக்குலதான், அதுக்கு முன்னாடியே அங்க குதிரை லாயத்துலயும் பண்ணையிலயும் எலி பிடிச்சிட்டு இருந்தது இந்தச் சின்னவன். உயரம் 25-30 செ.மீ., எடை நாலஞ்சு கிலோ, புத்தி மட்டும் இன்னும் எலி வேட்டையிலயே. பல்லி, உருண்டு போற பாட்டில் மூடி, கீழ் வீட்டு கூலர் சத்தம் எதையும் விடமாட்டான், நடு ராத்திரின்னாலும் குலைப்பான், பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட முன்னாடியே பேசி வச்சிடுங்க.

தப்பிக்கறதுல கில்லாடி. கொரியர்காரர் பெல் அடிச்சு நீங்க கதவை ஒரு சாண் திறந்தீங்கன்னா உங்க காலுக்கு நடுவுல பூந்து ரெண்டு மாடி இறங்கியிருப்பான். பால்கனி கம்பியில தலை நுழைஞ்சா உடம்பும் நுழைஞ்சிடும், அதனால நாய் வர்றதுக்கு முன்னாடி வலை வந்துடணும்.

அப்புறம் டிசம்பர், ஜனவரி. ஒட்ட வெட்டின மாதிரி முடி, உள்முடி கிடையாது, கொழுப்பும் இல்ல, டெல்லி குளிர் நேரா எலும்புக்குப் போகும். ஸ்வெட்டர் போட்டாலும் மிளகு வாசல் வரைக்கும் வந்து முன்கால் ஒண்ணைத் தூக்கி வச்சிக்கிட்டு நடுங்கிட்டே என்னைப் பாப்பான், திரும்பி ரஜாய்க்குள்ள (பஞ்சு வச்ச போர்வை) போயிடுவான். வெயில் வந்தப்புறம்தான் வாக்கிங், அதுவரைக்கும் ஒண்ணுக்குப் போக பால்கனியில பேப்பர். மே, ஜூன்ல விடியறதுக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போயிடணும், தார் ரோடு பாதத்தைப் பொசுக்கிடும்.

முன்கால் எலும்பு குச்சி மாதிரி. கட்டில்லேந்து குதிச்சு உடைச்சிக்கறது இந்த சைஸ் நாய்ங்களுக்கு சகஜம், அதனால கீழ ஒரு மணை போட்டு வைங்க, சின்னக் குழந்தைங்க கையில தூக்கக் குடுக்காதீங்க. ஊர்லேந்து அம்மா வந்தா பாவம்னு சாம்பார் சாதம் வைக்கப் பாப்பாங்க. வெங்காயம், பூண்டு நாய்க்கு ஆகவே ஆகாது, ரத்தத்துல சிவப்பணுவை அழிச்சிடும். கொஞ்சம் தயிர் சாதம்னா பரவால்ல (ஆசைக்குத்தான், வெயிட் போட்டா அந்தக் கால் தாங்காது).

வாங்கறதுக்கு முன்னாடி வளந்த நாய் இருக்கற வீட்டுக்குப் போய் ஒரு சாயந்திரம் உக்காந்து பாருங்க. குட்டியோட அம்மாவைக் காட்டச் சொல்லுங்க, எட்டு வாரம் ஆகாத குட்டி வேண்டாம், "பாக்கெட் சைஸ் சார், ஸ்பெஷல்"னு கூட காசு கேட்டா பேரம் பேசாம கெளம்பிடுங்க.