மரக்கணக்கை விட்டுவிட்டுப் பாமாயிலைப் பிடியுங்கள்

குடியாத்தம் நண்பருக்கு, ஒரு பெரிய பிஸ்கட் நிறுவனம் தன் அறிக்கையில் காட்டும் மரக்கன்று எண்ணிக்கையை வைத்து, பல்லுயிர்ப் பாதுகாப்புக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். போடவே வேண்டாம். என்ன மரம், எந்த மண், எத்தனை பிழைத்தன என்று சொல்லாத எண்ணிக்கை வெறும் விளம்பரம்.

பிஸ்கட் என்றால் முதலில் பாமாயில். காடு அழிவது ஆலை வாசலில் அல்ல, எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில். சூழலைக் கெடுக்காத பாமாயிலுக்கு ஆர்.எஸ்.பி.ஓ. என்ற உலக அமைப்பின் சான்று உண்டு; அது இருந்தால் எந்த வகை என்று பாருங்கள். ‘மாஸ் பேலன்ஸ்’ என்றால் சான்று பெற்ற எண்ணெயும் பெறாததும் கலந்தே வரலாம். ‘செக்ரிகேட்டட்’ என்றால் சான்று பெற்றது தனியாகவே வரும். பதில் இல்லையா, அந்த இடத்தில் பூஜ்யம் போடுங்கள்.

அடுத்தது நீர். அதற்குப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கையைப் பாருங்கள், அது முன்னணி 1000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயம். அதில் சுற்றுச்சூழல் பற்றிய ஆறாவது கோட்பாட்டின் கீழ், எடுத்த நிலத்தடி நீர் தனி வரியாக வரும். ஒரு டன் உற்பத்திக்கு ஆன நீர் குறைந்து, மொத்த நீர் கூடியிருக்கலாம், இரண்டையும் எழுதுங்கள். நீர்ப்பற்றாக்குறைப் பகுதிகளில் எடுத்த நீரின் கணக்கு விருப்பப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே வெற்றிடம் இருந்தால் விடாதீர்கள், நிறுவனத்துக்கே கடிதம் எழுதிக் கேளுங்கள். தோல் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டதைப் பார்த்த நமக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு.