வேடிக்கை பார்க்க மட்டும் போகாதீர்கள்

தம்பி, குடும்பத்தோடு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, இங்கே மேக்கர் ஃபேர் என்று, தாங்களே செய்த பொருட்களைக் கொண்டுவந்து காட்டுகிற கண்காட்சி நடக்கப்போகிறதாம், எஞ்சினியரிங் படிக்காத எங்களுக்கு அங்கே என்ன வேலை, எட்டு வயது மகளுக்குப் பொழுது போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். நாங்கள் வந்த முதல் வருடத்தில், இந்த ஊரில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றியது அங்கேதான்.

2006-இல் அமெரிக்காவில், சான் மட்டேயோவில் 'மேக்' பத்திரிகைக்காரர்கள் தொடங்கியது இது. அப்புறம் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. மற்ற பொருட்காட்சி மாதிரி இருக்காது. மேசைக்குப் பின்னால் பெரும்பாலும் அந்தப் பொருளைச் செய்தவரே நிற்பார். பகலில் வேறு வேலை, ராத்திரியில் ரோபோ என்று இருப்பவர்கள் நிறையப் பேர். "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். புது ஊரில் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சால்டரிங், அதாவது உலோகக் கம்பியை உருக்கி மின் பாகங்களை ஒட்டவைக்கிற மேசையில் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டி உட்கார வைத்தார்கள். சின்ன பேட்ஜ், இரண்டு எல்இடி விளக்கு, ஒரு பட்டன் பேட்டரி, அவ்வளவுதான். சால்டர் கம்பி உருகிப் பளபளவென்று எல்இடியின் கம்பிக் காலைச் சுற்றிப் படிந்ததும் மூச்சு விடாமல் பார்த்தாள். பேட்டரியைப் போட்டால் ஒரு விளக்குதான் எரிந்தது. நான் கையை நீட்டினேன். அங்கிருந்த பெரியம்மா என்னைக் கையமர்த்திவிட்டு, "எல்இடி விளிம்பைத் தடவிப் பார், எந்தப் பக்கம் தட்டையாக இருக்கிறது?" என்று அவளிடம் கேட்டார். எல்இடியின் நீளக் கால் பிளஸ். காலை வெட்டிய பிறகு விளிம்பின் தட்டைப் பக்கம்தான் மைனஸுக்கு அடையாளம். திருப்பிப் போட்டிருந்தாள். சால்டரை உருக்கி எடுத்து, மறுபடி வைக்க இருபது நிமிடம். எரிந்ததும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் கை தட்டினார்கள்.

என் மனைவிக்கு அப்போது இந்த ஊர் மொழி சரளமாக வராது. குரோஷா பின்னுகிற மேசையில் ஊசியை எடுத்து உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எதிரே இருந்த பெண் ஒரு தையலைக் காட்டுவார், இவள் ஒன்றைக் காட்டுவாள். இன்றைக்கும் இருவரும் சிநேகிதிகள்.

திறந்ததும் போய்விடுங்கள், சால்டரிங் மேசையில் வரிசை நீண்டுவிடும். மூடிய ஷூ போடுங்கள், மகளுக்கு முடியை இறுக்கிப் பின்னிவிடுங்கள். சில மேசைகளில் பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள். படித்துப் பார்த்துப் போடுங்கள். சால்டரைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பட்டன் பேட்டரியைக் கண்டிப்பாக எட்டாத இடத்தில் வையுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள், மூன்று மேசை போதும். தையலோ மரவேலையோ, உங்கள் இருவரில் ஒருவருக்குக் கைவந்தது எதுவோ அந்த மேசையை முதலில் தேடுங்கள்.