மகனை மாற்றுப் பள்ளியில் சேர்க்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார், சம்பளம் 2,100 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). எனக்குத் தொழிற்சாலையில் 1,700. மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு 15 வயது. தமிழ்ப்பள்ளி முடித்து, புதுமுக வகுப்பும் (முதல் படிவத்துக்கு முன் படிக்கும் ஓராண்டு) படித்து, இப்போது இரண்டாம் படிவத்தில் இருக்கிறான். இன்னும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க வராது. வகுப்பில் கேலி செய்கிறார்கள் என்று பள்ளிக்குப் போக மறுக்கிறான். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. ஆனால் மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கழற்றி மாட்டுவான். ஈப்போவில் ஒரு தனியார் கற்றல் மையம், இவனைப் போன்ற பிள்ளைகளை எடுத்து இரண்டு ஆண்டில் பிரிட்டனின் ஐஜிசிஎஸ்இ தேர்வை எழுத வைப்பதாகச் சொல்கிறது. பதிவுக் கட்டணம் 1,500, மாதம் 650. ஓர் ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் 10% கழிவு. வேன் 180 வெள்ளி. செலவு போக எங்கள் கையில் மாதம் 450 வெள்ளி நிற்கும். ஆறு பவுன் நகைக்கு அடகுக்கடையில் 12,000 தருவதாகச் சொன்னார்கள். கணவரின் சேமநிதி ஃபிளெக்சிபல் கணக்கில் 4,100 இருக்கிறது. நகையை வைத்து அவனைச் சேர்த்துவிடலாமா? வேறு வழி இருக்கிறதா?

பதில்: நகையை வைக்காதீர்கள், சகோதரி. அந்த மையம் நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது பேச்சு. உங்கள் கணக்கில் அது இரண்டு ஆண்டு தாங்காது.

மாதக் கட்டணமும் வேனும் சேர்ந்தால் 830 வெள்ளி. கையில் 450. மாதம் 380 குறைகிறது. 24 மாதத்துக்கு 9,120, பதிவுக் கட்டணத்தோடு 10,620. 12,000 வெள்ளிக்குள் அடங்குவதாகத்தான் தெரியும், நீங்களும் அப்படித்தான் கூட்டிப் பார்த்திருப்பீர்கள். விட்டுப்போனது அடகு வட்டி. மாதம் 2% என்றால் 12,000-க்கு 240 வெள்ளி. அப்போது மாதக் குறை 620. பதிவுக் கட்டணம் போக மீதமுள்ள 10,500 வெள்ளி 16 மாதம் ஓடும், 17-ஆம் மாதம் 40 வெள்ளி போதாது. அதாவது, பையன் தேர்வு எழுதுவதற்கு முன்பே பணம் தீர்ந்துவிடும், 12,000 கடன் அப்படியே நிற்கும். ஐஜிசிஎஸ்இ தேர்வுக் கட்டணம் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. ஒரு பாடத்துக்கே சில நூறு வெள்ளி ஆகும். வட்டி கட்டத் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

10% கழிவில் 780 வெள்ளி மிச்சமாகும், 7,800-க்குப் பதில் 7,020. பள்ளி என்றாலே ஒதுங்கும் பிள்ளை மூன்றாவது மாதம் புது இடத்துக்கும் போக மறுத்தால் என்ன ஆகும்? மாதாமாதம் கட்டியிருந்தால் 1,950-தான் போயிருக்கும். மொத்தமாகக் கட்டியவருக்கு அதற்கு மேல் 5,070 மாட்டிக்கொள்ளும். எந்த மையமாக இருந்தாலும், எவ்வளவு கழிவு கொடுத்தாலும், இப்படிப்பட்ட பிள்ளைக்கு முன்பணம் ஒரு தவணைக்கு மேல் கட்டவே கூடாது.

இன்னொன்று, ஐஜிசிஎஸ்இ மொழிப் பாடங்கள் நீங்கலாக ஆங்கிலத்தில் நடக்கும் தேர்வு. மலாயிலேயே பத்தி படிக்கத் திணறும் பையனை ஆங்கில நூல்களுக்கு முன்னால் உட்கார வைத்தால் அதே தடுமாற்றம்தான் வரும், இந்த முறை நீங்கள் காசு கட்டி வரவழைத்ததாக இருக்கும். நாளைக்கு அரசு வேலை என்றால் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) மலாய்மொழியைக் கேட்பார்கள். ஐஜிசிஎஸ்இ அதை ஈடுகட்டாது.

சரி, பணம் முதலில் எங்கே போக வேண்டும்? அவனுக்கு ஏன் படிக்க வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்க. எட்டு ஆண்டு வகுப்பில் உட்கார்ந்தும் எழுத்து ஒட்டவில்லை, கை வேலையில் மூளை பளிச்சென்று ஓடுகிறது என்றால், சோம்பேறி என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. டிஸ்லெக்சியாவாக (எழுத்தைக் கூட்டிப் படிப்பதில் வரும் குறைபாடு) இருக்கலாம், கண் பார்வையாக இருக்கலாம், காது கேட்பதில் குறையாக இருக்கலாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தனியார் உளவியலாளரிடம் இந்தப் பரிசோதனை ஆயிரம் வெள்ளியைத் தாண்டலாம். அரசாங்க வழியில் சில வெள்ளிக்குள் முடியும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதலில் உங்கள் வட்டார அரசாங்க மருந்தகமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். வகுப்பாசிரியர் அல்லது பள்ளி கவுன்சிலர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு, அவன் கையெழுத்தில் இரண்டு பயிற்சிப் புத்தகம், தேர்ச்சி அறிக்கை, இவற்றைக் கையில் கொண்டுபோங்கள். வெறும் வாயால் “படிக்க மாட்டேங்கிறான்” என்று சொன்னால் பல இடங்களில் புத்திமதி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

கற்றல் குறைபாடு என்று மருத்துவர் உறுதிப்படுத்தினால், அவர் கையொப்பமிட்ட பாரத்தோடு சமூகநல இலாகாவில் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்குப் பதியலாம். அந்த அட்டையை வாங்கப் பல பெற்றோர் கூசுகிறார்கள், “ஊரில் என்ன சொல்வார்கள்” என்று. அந்தக் கூச்சத்துக்கு உங்கள் பிள்ளை விலை கொடுக்கிறான் என்பதை மனம் நோகச் சொல்கிறேன். கற்றல் குறைபாடு அந்த அட்டையில் தனி வகையாகவே இருக்கிறது. அரசுப் பள்ளியின் சிறப்புக் கல்வித் திட்டத்தில் பதிந்த மாணவருக்குக் கல்வியமைச்சு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை தருகிறது. தனி வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்பதில்லை, இன்குளுசிஃப் எனப்படும் முறையில் மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பிலும் படிக்கலாம். எஸ்பிஎம் எழுதும்போது கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. இந்த உதவிகள் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் வரைக்கும்தான்.

பெரிய தவறு நடப்பதும் இங்கேதான். மாற்றுப் பள்ளி பார்க்கிறோம் என்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் வரும், அதற்கும் பதில் இல்லையென்றால் பெயரை நீக்கலாம். நீக்கிய பிறகு மாவட்டக் கல்வி இலாகாவில் மறுசேர்க்கைக்கு முறையீடு செய்ய முடியும் என்றாலும், அதற்குள் ஒரு பள்ளி ஆண்டே போய்விடும். ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் ரத்து செய்தாயிற்று, மூன்றாம் படிவத்தின் பிடி3 தேர்வை 2022-இல் ரத்து செய்தாயிற்று. இன்று இரண்டாம் படிவத்தில் வெளியேறும் பிள்ளையின் கையில் தேசியத் தேர்வுச் சான்றிதழ் ஒன்றுகூட இருக்காது. அடுத்த இடம் எழுத்துப்பூர்வமாக உறுதியாகும் வரை பெயரை எடுக்காதீர்கள்.

இப்போது கை வேலை. எஞ்சினில் அவனுக்கு இருக்கும் பிடிப்புக்கு உரிய சான்றிதழ் எஸ்கேஎம், அதாவது மலேசியத் திறன் சான்றிதழ். 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், மனிதவள அமைச்சின் ஜேபிகே எனப்படும் திறன் மேம்பாட்டு இலாகா கொடுப்பது. 1, 2, 3 என்று சான்றிதழ் நிலைகள், அதற்கு மேல் 4, 5 டிப்ளோமா நிலைகள். முதல் நிலைக்கு எஸ்பிஎம் தேவையில்லை, மலாய் பேச, படிக்க, எழுதத் தெரிய வேண்டும். பாடநூலைவிடப் பட்டறை நேரம் அதிகம். எஸ்எல்டிஎன் என்ற முறையில் பயிற்சியின் பெரும்பகுதி உண்மையான பட்டறையிலேயே நடக்கும். மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்புக்கும் எஸ்கேஎம் உண்டு.

இதிலும் ஏமாற இடமிருக்கிறது. ஜேபிகே அங்கீகாரம் ஒரு மையத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. எந்தத் துறை, எந்த நிலை என்று தனித்தனியாகக் கொடுக்கப்படுகிறது. சுவரில் ஜேபிகே சின்னம் இருக்கும், ஆனால் அந்த அங்கீகாரம் சிகையலங்காரத்துக்கு மட்டும் இருக்கும், அல்லது 2-ஆம் நிலையோடு நின்றுவிடும், அல்லது காலாவதியாகியிருக்கும். அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லி, துறை, நிலை, காலாவதித் தேதி மூன்றையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். 3-ஆம் நிலை வரை போகும் இடமாகப் பாருங்கள். சம்பளம் பேச அதுதான் உதவும். தனியார் பயிற்சி மையத்தில் பிடிபிகே எனப்படும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன் எடுத்துத் தருகிறோம் என்பார்கள். அது உதவித்தொகை அன்று, திருப்பிக் கட்ட வேண்டிய கடன். பையன் பாதியில் நின்றாலும் எடுத்த தொகைக்குக் கேட்பார்கள். அதனால் முதலில் கட்டணமில்லாத, குறைந்த கட்டண இடங்களை முடித்துவிட்டு வாருங்கள். அரசாங்கத் தொழிற்பயிற்சி மையமான கியாட்மாராவையும் மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகமான ஐஎல்பி ஈப்போவையும் நேரில் போய்க் கேளுங்கள். இந்திய இளையோருக்கென்றே 2011-இல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம் உலு சிலாங்கூரில் களும்பாங்கில் பயிற்சி வளாகம் நடத்துகிறது. பள்ளியில் ஒட்டாத பிள்ளைகளைத் தெரிந்து கையாளும் இடம். ஷா ஆலமில் மொன்ட்ஃபர்ட் பாய்ஸ் டவுன் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத் தருகிறது. எங்கே போனாலும் ஐந்து கேள்வி: எந்த வயதில் எடுப்பீர்கள், எந்தச் சான்றிதழ், எந்த நிலை வரை, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு, பாதியில் நின்றால் என்ன திரும்பக் கிடைக்கும்.

பள்ளியிலேயே மூன்றாம் படிவம் முடித்தால் தொழிற்கல்விக் கல்லூரிக்கும், சில பள்ளிகளில் உள்ள பிவிஎம்ஏ எனப்படும் மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவுக்கும் விண்ணப்பிக்கலாம். இவற்றின் விண்ணப்பம் மூன்றாம் படிவ ஆண்டில் திறக்கும்போதே கவுன்சிலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எஸ்பிஎம் சான்றிதழுக்கு மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். அவனுக்கு இந்த இரண்டும்தான் குறி. மற்றவற்றில் எத்தனை ஏ என்று கேட்டு அவனை வதைக்க வேண்டாம்.

இனி உங்கள் 450 வெள்ளி. மாதம் 200 வாசிப்புப் பயிற்சிக்கு. சாதாரண டியூஷன் வேண்டாம், அங்கே இன்னும் ஒரு வகுப்பறைதான் இருக்கும். ஒரே ஆசிரியர், ஒரே பிள்ளை, வாரம் இரண்டு முறை, ஒலியிலிருந்து எழுத்து, எழுத்திலிருந்து சொல் என்று அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஓய்வுபெற்ற மீட்புநிலை ஆசிரியர் (பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகக் கற்றுத் தருபவர்) யாராவது இருக்கிறாரா என்று தமிழ்ப்பள்ளியில் விசாரியுங்கள், வீடு பக்கத்தில் இருந்தால் வேன் காசும் மிச்சம். 60 வெள்ளி மருத்துவமனைப் போக்குவரத்துக்கு. மீதி 190-ஐத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். மூன்றாம் படிவம் முடியும் வரை சுமார் 20 மாதம் என்று வைத்தால் 3,800 சேரும். எஸ்எஸ்பிஎன் என்ற தேசியக் கல்விச் சேமிப்புக் கணக்கில் போட்டால் வரிச்சலுகை என்பார்கள். வருமான வரி கட்டாத உங்களுக்கு அதில் வரிப் பயன் இல்லை.

கணவரின் ஃபிளெக்சிபல் கணக்கை இன்று தொடாதீர்கள். 2024 மே 11 முதல் ஒவ்வொரு மாதச் சந்தாவிலும் 10% அங்கே போகிறது. குறைந்தது 50 வெள்ளி முதல் எப்போதும் எடுக்கலாம் என்பதால் அதுதான் உங்கள் அவசரப் பணம். குலை வெட்டுகிறவருக்கு ஒரு வாரம் முதுகு பிடித்தாலே சம்பளம் குறையும், அது உங்களுக்குத் தெரியாததல்ல. சேமநிதியின் கல்விக்கான பணமெடுப்பை நம்ப வேண்டாம், அது உயர்கல்விக்கு உரியது, கற்றல் மையத்துக்கு எடுக்க முடியாது. பயிற்சி நிலையத்தில் இடம் உறுதியான அன்று, பாதுகாப்புக் காலணி, கருவிப்பெட்டி, விடுதி முன்பணம் என்று 1,500 வெள்ளி வரை அந்த 3,800 சேமிப்பிலிருந்து எடுங்கள், மீதி அவன் சாப்பாட்டுக்கும் ஊர் வந்து போவதற்கும். மாதம் 150 உதவித்தொகை கிடைத்தால் அதையும் அந்தத் தனி வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். துன் வீ.தி. சம்பந்தன் உங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், அவர் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பாட்டி காலத்துப் பங்கு ஏதும் இருக்கிறதா என்று பழைய பெட்டியைத் தேடுங்கள். உறுப்பினராக இருந்தால் பிள்ளைகளின் கல்விக்கு என்ன உதவி உண்டு என்று கேட்கலாம்.

ஈப்போ மையத்தின் மேல் இன்னும் மனம் இருந்தால், கல்வியமைச்சின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டியூஷன் மையமாகப் பதிந்துவிட்டுப் பள்ளி போல நடத்துபவர்கள் உண்டு. சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள். ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்க்கவும் விடச் சொல்லுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது அந்த இரண்டாவது எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பதில். மகனுக்கு வாசிப்பில் சிக்கல் இருக்கிறது, மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறோம், வகுப்பில் கேலி நடப்பதால் வர மறுக்கிறான், கவுன்சிலரைச் சந்திக்கத் தேதி வேண்டும் என்று மலாயில் அரைப் பக்கம் போதும். கிளினிக்கில் கொடுத்த சந்திப்புத் தேதிச் சீட்டின் நகலை இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கேலிக்குப் பள்ளி ஒன்றும் செய்யவில்லையென்றால், அதே முத்திரை போட்ட பிரதியோடு கோலகங்சார் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போங்கள். வேறு பள்ளிக்கு மாற்றம் கேட்கவும் அதுதான் இடம்.