ஒரு வயதுக் குழந்தைக்கு கிரெச் (குழந்தைகள் காப்பகம்) பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வேலைக்குத் திரும்புகிறீர்கள், குழந்தைக்கு 1 வயது, எந்த கிரெச்சில் விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உங்கள் அலுவலகத்திலேயே விசாரியுங்கள். 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்தில் வந்த விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும். தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பார்த்து வரலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை.

வெளியில் தேடுவதென்றால் காலையில் போகாதீர்கள், அப்போது எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். மதியம் 12 மணிக்குப் போங்கள். சோறு ஊட்டி, கழுவிவிட்டு, தூங்கவைக்கும் நேரம் அது. நான் பார்த்த ஓரிடத்தில் ஒரே ஆயா ஒரே கரண்டியால் 4 பிள்ளைகளுக்கு வரிசையாக ஊட்டிக்கொண்டிருந்தார். இன்னோரிடத்தில் சுவரில் ஒரு படம்கூட இல்லை. ஆனால் அங்கிருந்த ஆயா பருப்புச் சாதத்தை விரலால் மசித்து, பிள்ளை தானாக வாயைத் திறக்கும்வரை காத்திருந்தார். அங்கேதான் சேர்த்தேன்.

குளியலறையையும் எட்டிப் பாருங்கள். வாளியில் தண்ணீர் நிரம்பி நின்றால் அந்த இடமே வேண்டாம். பிடித்து நிற்கிற வயதுப் பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணீரே ஆபத்து. ஆயாக்கள் எத்தனை மாதமாக இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அடிக்கடி முகம் மாறினால் குழந்தை தவித்துப்போகும்.

அப்புறம், முதல் நாளே முழு நாளும் விட்டுவிடாதீர்கள். அம்மா கண்ணில் படாவிட்டால் அழுவது இந்த வயதில் இயல்பு. முதல் சில நாள் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள், பிறகு அரை நாள் விடுங்கள். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் சேர்க்கவே வேண்டாம்.