வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் வயதான பெண்ணுக்குச் சமூகப் பணியாளர் எப்படி உதவுவார்?

கணவனோ மகனோ மருமகளோ அடிப்பது, மிரட்டுவது, ஓய்வூதியத்தைப் பிடுங்கிக்கொள்வது, மாத்திரையையோ மூக்குக்கண்ணாடியையோ ஒளித்துவைப்பது எல்லாமே வன்முறைதான். இதில் சிக்கிய பெண்ணின் பாதுகாப்புக்கு வழி செய்வதே சமூகப் பணியாளரின் வேலை.

இதற்கென்று தனிக் கவனம் ஏன்? முதுமை, வன்முறையை மறைத்துவிடுகிறது. கையில் காயம் என்றால் ‘விழுந்திருப்பார்’ என்கிறோம், பயந்து ஒடுங்கினால் ‘மறதி’ என்கிறோம். பல நாடுகளில் வன்முறை குறித்த ஆய்வுகள்கூட 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் மட்டுமே கேட்டு நின்றுவிடுகின்றன. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அதனால் பணியாளர் முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுவார். பக்கத்தில் மகன் நின்றால் உண்மை வராது. அப்புறம்தான் சிக்கலான பகுதி: அடிக்கும் ஆளே சோறு போடுபவராகவும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவராகவும் இருப்பார். பழுதான தூணை மாற்றுமுன் கூரைக்கு முட்டுக் கொடுப்பதுபோல, மாற்றுப் பராமரிப்பு, பணம், மருந்து, தங்குமிடம் ஆகியவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். மருந்துச் சீட்டு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், ஒரு மாற்றுச் சேலை போட்ட பையை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைப்பதும் இதில் சேரும். சட்ட உதவி, மனநல ஆலோசனைக்கும் பணியாளரே வழிகாட்டுவார்.

‘சமூகப் பணியாளர் வந்தால் குடும்பத்தைப் பிரித்து முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுவார்’ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை, தெளிவாக முடிவெடுக்கக்கூடிய பெண் வீட்டிலேயே இருக்க விரும்பினால், அங்கேயே பாதுகாப்பாக இருப்பதற்கான திட்டத்தைத்தான் அவரோடு சேர்ந்து போடுவார்.