பத்திரிசியார் திருநாள்: ஊர்வலம், இசை, ரொட்டி
வாசகர் கேள்வி – பதில்

அயர்லாந்தின் திருநாளான மார்ச் 17ஐ கொழும்பில் கொண்டாடுவது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியின் பெயருக்குரிய அதே புனிதரின் நாள்தான் இது.

கேள்வி: மார்ச் 17 அன்று காலிமுகத்திடலில் சிறிய ஊர்வலமும் மாலையில் கெல்ற்றிக் இசையும் (அயர்லாந்து, ஸ்கொட்லாந்து நாட்டார் இசை) நடத்த நினைக்கிறோம். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்? (இளைஞர் மன்றம், கொட்டாஞ்சேனை)

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். 2022இல் மார்ச் 17 மெதின் போயா எனும் பௌத்தப் பௌர்ணமி விடுமுறையாக அமைந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் மதுவிற்பனை கிடையாது. இறைச்சிக் கடைகளும் திறக்கா. கூத்தும் கும்மாளமுமான ஊர்வலத்துக்கும் அது பொருத்தமான நாளன்று. அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள். அயர்லாந்துக்கு வெளியே பல நகரங்கள் ஊர்வலத்தை வாரக் கடைசியில்தான் வைக்கின்றன. இந்த நாள் எப்போதும் தவக்காலத்துக்குள் வரும் என்பது கொட்டாஞ்சேனையில் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளிக்கிழமையாக அமைந்தால் உணவு விடயத்தில் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நீளம். திடல் கடற்கரையோரமாக ஏறக்குறைய அரை கிலோமீற்றர்தான். இருபது குழுக்கள் வருகின்றன, ஒவ்வொன்றும் 30 மீற்றர் நீளம், இடைவெளி 30 மீற்றர் என்று கணக்கிட்டால் ஊர்வலம் ஏறக்குறைய 1,200 மீற்றர் ஆகிவிடும். தலை திடலின் முடிவுக்கு வந்து நிற்கும்போது வால் இன்னும் வீதியில் நிற்கும். பெரும்பாலான புதிய ஊர்வலங்கள் கெடுவது இங்கேதான். எட்டுக் குழுக்களுக்கு மேல் எடுக்காதீர்கள். குழந்தைகள் சேர்ந்து நடந்தால் நிமிடத்துக்கு 50 மீற்றர்தான் போகலாம். முடியும் இடத்தில் குழுக்கள் நிற்காமல் பக்கவாட்டில் கலைந்து போக வழி வைத்திருங்கள்.

பிற்பகல் நான்கரைக்கு முன் தொடங்க வேண்டாம். மார்ச் வெயிலில் ஊதுகருவி வாசிப்பவர்கள்தான் முதலில் மயங்கி விழுவார்கள். அன்று சூரியன் மறைவது 6.20 அளவில். மேடையின் முதுகு கடலுக்கு இருந்தால் கடற்காற்று ஒலியைச் சபையை நோக்கி எடுத்துச் செல்லும், ஒலிவாங்கியிலும் இரைச்சல் குறையும். ஆனால் வெயில் சபையினரின் கண்ணில் அடிக்கும். ஆகவே இசையை 6.30க்குத் தொடங்கி 9.30க்கு முடிப்பதே சரி. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பதே 2007 உயர் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து பொது விதி. அனுமதியைப் பொலிஸில் எழுத்தில் பெறுங்கள். மார்ச் மாலை இடிமழையை நினைத்து மின்கம்பிகளை நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டுங்கள்.

கேள்வி: பாடசாலை வாத்தியக் குழு, பப்பரேக் குழு (ட்ரம்பெட்டும் மேளமுமாக முழங்கும் குழு) இரண்டையும் அழைத்திருக்கிறோம். ஒன்றின் சத்தம் மற்றதைக் குழப்பாமல் எப்படி நிறுத்துவது? (தெஹிவளை)

ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர்தான் போகும். நிமிடத்துக்கு 120 அடி வைக்கும் நடையில் ஓர் அடிக்கு அரைச் செக்கன். ஆக, மேளத்துக்கு 85 மீற்றர் பின்னால் நடப்பவரின் காதில் தாளம் கால் செக்கன் பிந்தி விழுகிறது. அவர் கால் இரண்டு அடிகளுக்கு நடுவில் தொங்கும். பயிற்சி போதவில்லை என்று பிள்ளைகளை ஏசுவதில் பயனில்லை. 40 மீற்றருக்கு அப்பால் நடப்பவர்களுக்குத் தனியாக ஒரு மேளம் கொடுங்கள், அல்லது அவர்களைச் சாதாரணமாக நடக்க விடுங்கள்.

இரண்டு குழுக்களுக்கு நடுவில் இசையில்லாத இரண்டு குழுக்களாவது வரட்டும். பப்பரேயை வாலில் வையுங்கள். அந்த ட்ரம்பெட்டுகளின் முன்னால் வேறெதுவும் கேட்காது. மேடையைக் கடக்கும் குழு மட்டும் முழுமையாக வாசிக்க, அடுத்தது பக்க மேளத்தில் ஒற்றைத் தட்டோடு வரவேண்டும். இதை ஒத்திகையில் ஒருமுறை செய்து பார்த்தாலே போதும்.

கேள்வி: பாக்பைப் (காற்றடைத்த பையோடு வாசிக்கும் குழல்) ஸ்கொட்லாந்துக்குரியதல்லவா? (மட்டக்குளி)

நடந்துகொண்டே வாயால் ஊதுவது ஸ்கொட்லாந்தின் ஹைலண்ட் பைப். அயர்லாந்து ஊர்வலங்களிலும் அதுதான் அதிகம். அயர்லாந்துக்கே உரியது இலன் பைப். முழங்கையின் கீழ் உள்ள துருத்தியால் காற்றடைத்து, அமர்ந்தபடி வாசிப்பது. ஹைலண்ட் பைப்பில் ஒன்பது சுரங்கள், இலன் பைப்பில் இரண்டு ஸ்தாயி. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்த இலன் பைப் வாசிப்புக் கலைதான். கலைஞர் கிடைத்தால் ஊர்வலத்தில் இழுக்காமல் மேடையில் நல்ல நாற்காலி கொடுத்து இருத்துங்கள்.

கேள்வி: வெள்ளவத்தையில் கர்நாடக இசை வகுப்பு நடத்துகிறேன். வயலின், புல்லாங்குழல், மிருதங்க மாணவர்களைக் கொண்டு அயர்லாந்து மெட்டுகள் வாசிக்க முடியுமா?

தாராளமாக. தொடங்குவதற்கு ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் மேலைநாட்டு மெட்டுகளில் அமைத்த நோட்டுஸ்வரங்களுள் ‘வந்தே மீனாக்ஷி’ அமைந்திருப்பது ‘ரேக்ஸ் ஒஃப் மலோ’ என்ற அயர்லாந்து மெட்டில். மலோ கோர்க் மாவட்டத்து ஊர். பாடலை அறிந்த பிள்ளைகள் அதை வேகமாக வாசித்தாலே போதும்.

சுருதியை 2 கட்டையில் வையுங்கள். இந்த இசையின் சிறிய தகர விசில் பெரும்பாலும் டி சுருதியில் வருவது. சங்கராபரணம், ஹரிகாம்போஜி, கரஹரப்பிரியா ஆகிய மூன்றின் சுரவரிசைகளுக்குள் பெருவாரியான மெட்டுகள் அடங்கிவிடும். ஆனால் கமகத்தைக் குறையுங்கள். இங்கே அழகு ‘கட்’, ‘ரோல்’ எனும் மின்னல் வெட்டில் இருக்கிறது. சுரத்தை அசைத்தால் ஓட்டம் நின்றுவிடும்.

தாளம்: ஆட்ட மெட்டுகளில் ‘ஜிக்’ என்பது 6/8. தகிட தகிட. ‘ரீல்’ சதுச்ரம், நான்கு நான்காக. ‘ஸ்லிப் ஜிக்’ 9/8, மூன்று தகிட. இதை ஒன்பது எண்ணிக்கையுள்ள சங்கீர்ணம் என்று எண்ணி 4+5 ஆகப் பிரித்தால் மெட்டு முறிந்துவிடும். நம் ஆட்டப்பாட்டான பைலாவும் 6/8 என்பதால் கொழும்புக் காதுக்கு ஜிக் உடனே பிடிக்கும். ஆபத்தும் அதில்தான். பைலாவின் மேளம் இரண்டுக்கு எதிராக மூன்றைப் போடும். ஜிக்கில் முதலாம், நான்காம் தட்டில்தான் அழுத்தம். மிருதங்கக்காரர் பைலாப் போக்கில் நழுவினால் வயலின்கள் இரண்டாகப் பிரிந்துவிடும். தனியாவர்த்தன (தனித்து வாசிக்கும்) ஆசையையும் அன்று தள்ளிவைக்கச் சொல்லுங்கள். தாளக்கருவி இங்கே மெட்டின் கீழேதான் நடக்கவேண்டும்.

மெட்டு பொதுவாக இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் எட்டு அளவு (‘பார்’), இருமுறை. மொத்தம் 32 அளவுகள். அளவுக்கு இரண்டு அழுத்தம், நிமிடத்துக்கு 116 அழுத்தம் என்ற வேகத்தில் ஒரு சுற்று 33 செக்கன். மூன்று மெட்டுகளை ஒரு கோவையாக்கி, ஒவ்வொன்றையும் மூன்று சுற்று வாசித்தால் ஐந்து நிமிடம். முக்கால் மணிநேர நிகழ்ச்சிக்கு எட்டுக் கோவைகள் போதும். மெட்டு மாறும் இடம்தான் எப்போதும் தடுமாறும். கடைசிச் சுற்றில் ஒருவர் ‘ஹப்’ என்று குரல் கொடுக்கட்டும்.

வெக்கையில் குழலின் சுருதி ஏறும், கம்பிகளின் சுருதி இறங்கும். ஏசி அறையில் சுருதி சேர்த்துக்கொண்டு மேடைக்கு ஓடாமல், வெளியே இருபது நிமிடம் கருவிகளை வைத்தபின் சேருங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த பொவ்ரான் எனும் அயர்லாந்து மேளம் கொழும்பில் தொய்ந்து சத்தமே வரவில்லை. பறை போல நெருப்பில் காய்ச்சலாமா? (பம்பலப்பிட்டி)

வேண்டவே வேண்டாம். ஆட்டுத்தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்திருக்கிறது. அது பசையாலும் ஆணியாலும் மெல்லிய மரச்சட்டத்தில் இறுக்கப்பட்டது. நெருப்பின் சூட்டில் பசை விடும், சட்டம் வளையும். உட்புறம் திருகாணிகள் இருந்தால் அலன் கீயால் எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் தோல் கோணும். திருகாணி இல்லையென்றால் முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் ஒரு முழம் தள்ளிப் பிடித்து மெதுவாக உலர்த்தலாம். வாசித்து முடித்ததும் திருகாணிகளைத் தளர்த்த மறக்காதீர்கள். இறுக்கியபடியே ஏசி அறையில் விட்டால் இரவோடு இரவாகத் தோல் வெடிக்கும். ஊர்வலத்துக்குச் செயற்கைத் தோல் போட்டதே நல்லது.

கேள்வி: சிக்காகோ ஆற்றைப் போல வெள்ளவத்தைக் கால்வாயைப் பச்சையாக்கலாமா? (வெள்ளவத்தை)

கூடாது. இந்த நாளுக்காக ஆற்றில் பச்சைச் சாயம் இடுவது சிக்காகோவில் 1962இல் தொடங்கியது. கழிவுநீர்க் கசிவைக் கண்டுபிடிக்கக் குழாய்த் தொழிலாளர்கள் பயன்படுத்திய சாயம் தந்த யோசனை அது. நம் கால்வாய்கள் ஏற்கெனவே படும் பாடு போதும். ஒரு கட்டடத்துக்குப் பச்சை விளக்குப் போடுங்கள்.

கேள்வி: அயர்லாந்துச் சோடா ரொட்டியை இங்கே செய்தால் கல்லாகிறது. ஏன்? (கொட்டாஞ்சேனை)

இரண்டு காரணம்: அதிகம் பிசைவது, பிசைந்துவிட்டுக் காத்திருப்பது. அயர்லாந்துக் கோதுமை மென்மையானது. நம் கடைப் பாண் மா இழுபடும். கேக் மாவாகப் பார்த்து 450 கிராம் எடுங்கள். ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு சேர்த்து இருமுறை அரியுங்கள். புளித்த மோர் 350 முதல் 400 மில்லிலீற்றர். தயிரில் தண்ணீர் கலந்தும் எடுக்கலாம், ஆனால் புளிப்பு இருக்கவேண்டும். புளிப்பில்லாவிட்டால் சோடா வேலை செய்யாமல் ரொட்டி மஞ்சளித்துச் சவர்க்கார வாடை அடிக்கும். விரல்களை விரித்து அரை நிமிடம் கலக்கினால் போதும். உருட்டி, கத்தியால் ஆழமாகச் சிலுவைக் கீறல் போட்டு, முன்பே சூடாக்கிய ஒவணில் 220 பாகையில் 15 நிமிடம், பின் 200இல் 25 நிமிடம். அடியைத் தட்டினால் வெறுமையான சத்தம் வரவேண்டும். அன்றே வெண்ணெய் பூசிச் சாப்பிடுங்கள், அடுத்த நாளுக்கு நிற்காது.